பக்கத்துக்கு மூன்று விரல்

ஐலெட் அடித்துத் தருவதில்லை சார். பிரின்ட் போட்டுத் தருவேன், ஓரம் மடித்து ஒட்டித் தருவேன். கயிறு கட்ட ஓட்டை போட்டுப் பித்தளை வளையம் பதிப்பது மட்டும் நீங்கள் அடுத்த சந்தில் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சிரிக்கிறீர்கள். பேனர் கடைக்காரனிடம் ஐலெட் மெஷின் இல்லை என்றால் சிரிப்பு வரும்தான். இருந்தது. இரண்டு கையாலும் அமுக்குகிற கைமெஷின், பதினோரு வருஷம் என் கையில் பழகியது. இப்போது அது ஒரு பெண்ணிடம் இருக்கிறது.

உட்காருங்கள். உங்கள் மகள் போட்டோவைச் சரிசெய்ய எப்படியும் அரைமணி ஆகும். பெயர் கவிநயாவா? பளு தூக்குகிறாளா? மாவட்ட அளவில் இரண்டாம் பரிசா? நல்லது, நல்லது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மூலையில் தலையும் காலும் இல்லாமல் ஒன்று நிற்கிறதே, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வெறும் டேப். உள்ளே பழைய பேனரைச் சுருட்டி அடைத்திருக்கிறேன். அதுவும் அந்தப் பெண்தான். அவளுடைய அளவு என்று சொல்ல வேண்டும்.

காஸ்ப்ளே என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் கேள்விப்பட்டதில்லை. கார்ட்டூனிலும் வீடியோ கேமிலும் வருகிறவர்களைப் போல வேஷம் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் கூடுகிறார்கள். மேடை ஏறி ஒரு சுற்று நடந்து காட்டுகிறார்கள். எல்லாம் படித்த பிள்ளைகள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று மைக்கில் சொல்வார்கள். குடும்பம்தான், நான் மறுக்கவில்லை. என் சொந்தக்காரர்களும் அப்படித்தான், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கைகழுவுகிற இடத்தில் பேசுவார்கள்.

ஜெசிந்தா அந்தக் குடும்பத்தில் ஒருத்தி. நாலு கடை தள்ளி ஸ்கேன் சென்டரில் வேலை. போர்டு பிரின்ட் போட வந்தவள், "அண்ணா, ஒரு கேடயம் செஞ்சு தர முடியுங்ளா?" என்று கேட்டாள். என்னடா இது, ஸ்கேன் எடுக்கக் கேடயம் எதற்கு என்று நினைத்தேன். போனில் வீடியோ காட்டினாள். யோகாப் பாய் மாதிரி ஒரு ஃபோம் ஷீட், அதை வெட்டி, சூடு காட்டி வளைத்து, ஒட்டி, வெள்ளி பெயின்ட் அடித்தால் இரும்புக் கவசம். பார்த்த உடனே எனக்குக் கை அரித்தது. நான் கட்அவுட் வெட்டியவன் சார். நாற்பதடி உயரத்துக்குத் தலைவர்களை நிற்கவைத்தவன். எல்லாம் போய், பிறந்தநாளுக்கும் காதுகுத்துக்கும் பேனர் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது எப்படி இருக்கும், சொல்லுங்கள். அன்றிலிருந்து அவள் சாயங்காலம் டூட்டி முடிந்தால் இங்கேதான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல். ஒரு கையில் தேங்காய் பன், ஒரு கையில் போன். அவள் படம் காட்டுவாள், நான் வெட்டுவேன், என் சம்சாரம் கனகம் டீ போடுவாள்.

ஆள் கொஞ்சம் பெரிய ஆள். நான் தப்பாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். அவள் வாசலில் வந்து நின்றால் கடைக்குள் வெளிச்சம் குறையும். பாசமாகத்தான் சொல்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் மேடை ஏறினாள். நான் செய்த கேடயம், அவளே தைத்த உடை. அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் இருக்கிறான், ரோஷன் என்று பெயர், ஓணானுக்குக் கழுத்தில் கேமரா மாட்டிவிட்ட மாதிரி இருப்பான். இன்ஸ்டாகிராமில் பக்கம் நடத்துகிறான். அவன் இவள் போட்டோவைப் போட்டான். கீழே எழுதினார்கள் பாருங்கள். "கவசமா, கேஸ் சிலிண்டரா?" "மேடைக்கு முட்டுக் கொடுத்தாச்சா?" ஒருத்தன் மட்டும் ரொம்ப நாகரிகம். கைகூப்பிய பொம்மை போட்டு, "யார் மனதையும் புண்படுத்த அல்ல, ஆனால் கேரக்டருக்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது" என்று எழுதியிருந்தான். அவனைத்தான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

நான் விடுவேனா? ஒவ்வொருத்தன் படத்தையும் திறந்து பார்த்து, ஆளுக்குத் தகுந்த மாதிரி பதில் எழுதினேன். "முதலில் உன் மண்டையில் நாலு முடி முளைக்கட்டும்." "ஒட்டடைக்குச்சிக்குச் சட்டை போட்ட மாதிரி இருந்துகொண்டு நீ பேசுகிறாயா?" ஒரு பெண்ணுக்கு, "உன் பல்லை மறைக்க ஒரு கேடயம் செய்து தரட்டுமா?" நாற்பத்திரண்டு பதில் சார். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஜெசிந்தாதான் போன் பண்ணினாள்.

"அண்ணா, அதையெல்லாம் அழிச்சிருங்ணா."

"ஏம்மா? உனக்காகத்தானே எழுதினேன்."

"தெரியுதுங்ணா. ஆனா அந்தப் பல்லுக்காரப் பொண்ணு என் ஃபிரண்டு. 'சூப்பரா இருக்கே ஜெஸி'ன்னு எழுதியிருந்தா."

நான் அதைக் கிண்டல் என்று நினைத்துவிட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இல்லை சார், திரையை இப்போது பார்க்க வேண்டாம். முடிந்ததும் மொத்தமாகக் காட்டுகிறேன். லைட்டிங் மட்டும்தான் சரிசெய்கிறேன்.

அதற்குப் பிறகு ஆறு மாசம் அவள் வேஷம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஸ்டூலில் வந்து உட்காருவாள், பன் தின்பாள், போய்விடுவாள். கனகம்தான் ஒரு நாள் கேட்டாள், "ஏன் கண்ணு, அடுத்த தடவை என்ன வேஷம்?" பன்னைக் கீழே வைத்துவிட்டு, "ஏறினா மிராகாவாத்தான் ஏறுவேங்க்கா. இல்லாட்டி இதோட விட்டர்றேன்" என்றாள்.

மிராகா ஒரு கார்ட்டூனில் வருகிற படைத்தலைவி. படத்தைக் காட்டினாள். தோளிலிருந்து தொடை வரைக்கும் வெள்ளிக் கவசம், இடுப்பு மட்டும் உடுக்கை மாதிரி. இவள் படத்தைப் பார்த்தாள், நான் இவளைப் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது சார். இது சாதாரண வேலை இல்லை. இந்தத் தடவை சிரித்தார்கள் என்றால் இந்தப் பெண் திரும்ப மேடைப் பக்கம் போகமாட்டாள், என் கடைப் பக்கமும் வரமாட்டாள். "ஒரு பய வாய் திறக்காத மாதிரி நான் செஞ்சு தர்றேன்" என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

அளவு எடுப்பது எப்படியென்றால், உடம்பைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். சட்டை மாதிரி ஆகிவிடும். முதுகில் கத்தரியால் பிளந்து கழற்றினால் அந்த ஆளுடைய அச்சு, ஒரு மயிரிழை பிசகாது. ஒன்றைப் பிரித்து வெட்டினால் அதுதான் பேட்டர்ன். இன்னொன்றில் எதையாவது அடைத்து நிறுத்தினால் பொம்மை. மே மாசம் கனகம்தான் உள்ளே வைத்து எடுத்தாள், இரண்டு அச்சும். நான் வெளியே ரோட்டில் நின்றேன். எனக்கு மரியாதை தெரியும். உள்ளே இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பு டீக்கடை வரைக்கும் கேட்டது.

அச்சு கைக்கு வந்தது. பேட்டர்னை மேஜையில் விரித்தேன்.

இங்கேதான் சார் தொழில் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம். இருபது வருஷமாக நான் மனுஷர்களை அழகாக்குகிறேன். கவுன்சிலர் தொப்பையை உள்ளே தள்ளியிருக்கிறேன். மாப்பிள்ளைகளுக்கு முடி வைத்திருக்கிறேன். கருப்பை மாநிறமாக்கி, மாநிறத்தைச் சிவப்பாக்கியிருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் செத்தவருக்கே தாடையைத் தூக்கிவிட்டிருக்கிறேன். ஒருத்தராவது வந்து ஏன் செய்தாய் என்று கேட்டது கிடையாது. கேட்டுக்கொண்டு செய்யவும் கூடாது, அவர்களுக்குச் சங்கடம். சொல்லாமல் செய்துவிடுவதுதான் மரியாதை.

பக்கத்துக்கு மூன்று விரல். அவ்வளவுதான் எடுத்தேன். இடது பக்கம் மூன்று, வலது பக்கம் மூன்று. எப்போதோ ஒரு நாள் பன் தின்றுகொண்டே, "இதையெல்லாம் விட்டுட்டுக் கொஞ்சம் குறைக்கோணும்ங்ணா" என்று அவளே சொல்லியிருக்கிறாள். விழாவுக்கு மூன்று மாசம் இருந்தது. மாசத்துக்கு ஒரு விரல். நான் கணக்குப் பார்க்காமல் செய்யவில்லை.

கனகம் டீ கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள். "ஏனுங்க, ஓரத்துல எதையோ வெட்டறீங்க?"

"அது தையலுக்கு விட்டது."

"ஃபோமுக்கு ஏதுங்க தையல்?"

பெண்களிடம் தொழில் பேசினால் இதுதான்.

கவசம் வளர்ந்தது. மூன்று வாரம் பெயின்ட் மட்டும். கரியைத் தேய்த்து, வெள்ளியைத் துடைத்து, வாளால் கீறின தழும்பெல்லாம் வைத்தேன். பார்த்தால் நீங்கள் இரும்பென்று தூக்கப் போய், கை லேசாகி விழுந்துவிடுவீர்கள். அவள் போட்டுப் பார்க்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டாள். பெயின்ட் காயவில்லை என்றேன். முதல் தடவை உண்மையாகவே காயவில்லை. ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டு மோர் குடிக்கிறாள் என்று கனகம் சொன்னாள். பார்த்தாயா, தானாக வழிக்கு வருகிறாள் என்று நினைத்தேன். பன் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தாள். விழாவுக்கு முந்தின பத்து நாள் கடையில் ஒரு சத்தமும் இல்லை, அது மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட்டில் விழா. கவசத்தைப் பொம்மைக்கு மேல் சும்மா சார்த்தி, துணி சுற்றி, ஆட்டோவில் கொண்டுபோனோம். மண்டப வாசலிலேயே அந்த ஓணான். "ஜெஸி வந்திருக்காங்களா சார்? இந்த வருஷம் கன்டென்ட் கெடைக்குமா?" என்று பல்லைக் காட்டினான். "இன்னைக்குப் பாருடா" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன் சார்.

உடை மாற்றுகிற அறைக்கு மேலே 'மணமகள் அறை' என்று போட்டிருந்தது. மணமகள் அறையிலிருந்து கொம்பு வைத்த பூதம் ஒன்று வெளியே வருகிறது, பின்னாலேயே ஒரு ரோபோ வருகிறது. காலக்கொடுமை. நான் வாசலில் நின்றேன். ஜெசிந்தா உள்ளே கறுப்பு பனியனும் கறுப்பு பேன்ட்டும் போட்டு முடித்த பிறகு கூப்பிட்டார்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாட்டிப் பக்கத்தில் கொக்கி போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மூடலைங்ணா."

"மூச்சை இழுத்துப் பிடிம்மா."

"பிடிச்சாச்சுங்ணா."

"இன்னும்."

"இதுக்கு மேல பிடிச்சா கர்த்தர்கிட்டப் போய்ச் சேந்துருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "அளவு குடுத்ததுக்கு அப்புறம் குண்டாயிட்டேனுங்ளாண்ணா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்ல முடியும் சார், அந்த நேரத்தில்? வெளியே பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "கொஞ்சம்தாம்மா" என்றேன்.

"பத்து நாளா மோர்தானுங்ணா குடிக்கறேன்."

"சில உடம்பு அப்படித்தாம்மா. நீ மனசைப் போட்டு வருத்திக்காதே."

ஆறுதலாகத்தான் சொன்னேன். கனகம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஜெசிந்தாவின் உடம்பிலிருந்து கவசத்தைக் கனகமே கழற்றினாள். நேராகப் போய் அந்தப் பொம்மைக்கு மாட்டினாள், இதோ இதே பொம்மைக்கு. கொக்கியை இழுத்தாள். எட்டவில்லை. இடைவெளியில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பக்கம் போய் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"மே மாசத்து ஜெஸிக்கும் மூடலைங்க" என்றாள் கனகம்.

ஜெசிந்தா பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது நான்தானேங்க்கா?"

"நீதான் கண்ணு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "வெட்டுனீங்களாண்ணா?"

"மிராகாவோட இடுப்பு அப்படிம்மா. கேரக்டருக்குன்னு ஒரு மரியாதை இருக்குதல்ல?"

அழுவாள் என்று நினைத்தேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன், எனக்கு அது வரும். அவள் என் டூல் பையை இழுத்துக் கொட்டினாள். பசை, பிளேடு, பேனர் கட்டுகிற மஞ்சள் நைலான் கயிறு, ஐலெட் மெஷின். எங்கே போனாலும் எல்லாம் பையில் இருக்கும், பழக்கம். பிளேடை எடுத்துக் கொக்கியை எல்லாம் அறுத்தாள். மெஷினை எடுத்தாள். ஓரத்தில் வரிசையாக டக், டக், டக் என்று ஓட்டை போட்டாள். என் வெள்ளிக் கவசத்தில் பித்தளை வளையம்! கனகம் வளையம் எடுத்துக் கொடுக்கிறாள். நான் மூன்று வாரம் பெயின்ட் அடித்தது. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகவில்லை. அப்புறம் இரண்டு பேருமாக அந்த மஞ்சள் கயிற்றைக் கோத்து இழுத்துக் கட்டினார்கள், ஷூவுக்கு லேஸ் கட்டுகிற மாதிரி. இடைவெளி அப்படியே தெரிகிறது. கறுப்பு பனியன் தெரிகிறது, பிதுங்குவது தெரிகிறது, மறைக்க வேண்டும் என்று நான் பாடுபட்டது பூராவும் தெரிகிறது.

வாய் தவறி வந்துவிட்டது. "லோடு ஏத்தின லாரி மாதிரி இருக்கும்மா."

மணமகள் அறையில் அத்தனை பூதமும் திரும்பிப் பார்த்தன.

ஜெசிந்தா கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டாள். "லாரிதானுங்ணா. வழி விடுங்க."

போய்விட்டாள்.

மேடையில் நடந்தாள். முதலில் சிரித்தார்கள். நான் சொன்னேனா இல்லையா? ஓணான் முன்வரிசையில் முட்டி போட்டு உட்கார்ந்து டப்டப்பென்று எடுக்கிறான். அங்கே ஒரு வழக்கம், சுற்று முடிந்ததும் மைக்கைக் கொடுத்து, உடை யார் செய்தது என்று கேட்பார்கள். செய்தவன் பெயரைச் சொல்ல வேண்டும். இத்தனை மாசமாக அவள் என் பெயரைத்தான் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். கேடயத்துக்குச் சொன்னாள், ஆனால் கேடயம் வேறு, கவசம் வேறு அல்லவா?

அவள் மைக்கை வாங்கினாள். "முன்பக்கமும் பின்பக்கமும் நாச்சிமுத்து அண்ணா செஞ்சது" என்றாள். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள். மஞ்சள் கயிறு, வளையம், இடைவெளி, எல்லாம் வெளிச்சத்தில். "பக்கம் நான் செஞ்சது."

கைதட்டினார்கள். மண்டபமே தட்டியது. கனகம் என் பக்கத்தில் நின்றுகொண்டு விசில் அடிக்கிறாள் சார், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எதற்குத் தட்டினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேலை சுத்தம் என்றால் முன்பக்கத்துக்கல்லவா தட்ட வேண்டும்? பரிசும் ஒன்றும் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஓணான் போட்டோவைப் போட்டான். கீழே பழைய கதைதான், தார்ப்பாய், மூட்டை, அது இது. இந்தத் தடவை நான் ஒருத்தனுக்கும் பதில் எழுதவில்லை. எழுதவில்லையே என்று அவளுக்கு வருத்தம் வரட்டும் என்று இருந்தேன். அவளே கீழே எழுதினாள், "லோடு ஏத்தியாச்சு, வண்டி கெளம்பிருச்சு" என்று. அதற்கு ஆயிரம் பேர் இதயம் போடுகிறார்கள். நான் சொன்ன வார்த்தை சார் அது. அதற்கும் என் பெயரைப் போடவில்லை.

அன்றைக்கு மெஷினோடு போனவள் இந்தப் பக்கம் வரவே இல்லை. இப்போது அவள் வீட்டிலேயே செய்துகொடுக்கிறாளாம். பல்லுக்காரியும் கூட்டு. குண்டு, ஒல்லி, நெட்டை, குட்டை, யார் வந்தாலும் அச்சு எடுத்து அப்படியே வெட்டி, பக்கத்தில் கயிறு. இந்த வருஷம் மேடையில் ஏழெட்டுப் பேர் கயிறு கட்டி வந்தார்களாம். நான் போகவில்லை. மேடையா, பார்சல் ஆபீஸா? கனகம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கே போய்விடுகிறாள். ஐலெட் அடிக்க ஆள் வேண்டுமாம். "ஏனுங்க, மெஷினைக் கையோட வாங்கிட்டு வரட்டுங்ளா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொண்டுபோனவள் கொண்டுவந்து கொடுக்கட்டும்.

நானும் சும்மா இல்லை. மேஜைக்கு அடியில் ஃபோம் வெட்டி வைத்திருக்கிறேன் பாருங்கள். மிராகாவேதான், புதுசாக. பேட்டர்ன் கிடக்கிறது, கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை பக்கத்துக்கு ஒரு விரல்தான் எடுத்திருக்கிறேன். ஒரு விரல் யாருக்கும் தெரியாது சார்.

சரி, பாருங்கள், முடிந்துவிட்டது. எப்படி இருக்கிறாள் கவிநயா? நிறம் தூக்கியாயிற்று, கன்னம் இறக்கியாயிற்று, தோளையும் கையையும் மெலிசாக்கிவிட்டேன். கம்பி தெளிவாகத் தெரிகிறது, பளு அப்படியே இருக்கிறது, அதில் நான் கைவைக்கவில்லை.

ஏன்? என்ன?

இந்தக் கையால் எப்படித் தூக்கியிருப்பாள் என்றா கேட்கிறீர்கள்? சார், பேனரில் யார் அதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள்? வயசுப் பெண், நாளைக்கு நாலு இடத்திலிருந்து கேட்டு வருவார்கள். நல்லதுக்குத்தான்... சரி. சரி சார். கோபப்படாதீர்கள். பழையபடி ஆக்குகிறேன். கை வந்துவிட்டதா? தோள்? கன்னத்தை மட்டும் கொஞ்சம்... சரி, அதுவும் வேண்டாம். உங்கள் பெண், உங்கள் பேனர். தெருமுனையில் நாலு பேர் சிரித்தால் நாச்சிமுத்து பொறுப்பில்லை.

பத்துக்கு எட்டா? அவ்வளவு பெரிதாகவா? போடுகிறேன். நாளை மத்தியானம் வாங்கிக்கொள்ளுங்கள். ஐலெட்டுக்கு அடுத்த சந்து, மறந்துவிடாதீர்கள்.

புதுசாக ஒரு மெஷின் வாங்கிப்போடலாமே என்றா? எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். கடைவீதியில் கிடைக்கிறது, பார்த்தும் வைத்திருக்கிறேன். வாங்கினால் கனகம் அன்றைக்கே அங்கே போய்ச் சொல்லிவிடுவாள் சார். சொல்லிவிட்டால், அப்புறம் அந்தப் பெண் எதற்கு இங்கே வருவாள்?